பாதிச் சொல்

காலை ஏழுக்கு நான் போகையில்
கால்வாய்மேல் மூடுபனி எழுந்திருக்காது.
சிட்ஸ்கெ கதவைத் திறந்துவிட்டு
காப்பி போடப் போய்விடுவாள்.
அந்த ஒரு மணி நேரம்
அவள் மனைவி மட்டும்.

வீப்ரன் விழித்துக் கிடப்பான்.
முப்பத்தோரு வருடம்
ஃப்ரீஸ்லாந்தில் பாலம் திறந்தவன்.
படகு வந்தால் மணியடித்து, சாலையை மறித்து,
தூண்டில் கயிற்றில் ஒரு மரக்காலணியை இறக்குவான்;
படகுக்காரர்கள் அதில் சுங்கக் காசு போடுவார்கள்.
காலணி இன்னும் ஜன்னலோரம் தொங்குகிறது.
இப்போது அதில் என் பேனா, வெப்பமானி,
யாருடையதோ ஒரு சட்டைப் பொத்தான்.

நோய் கால்விரலில் தொடங்கியது.
ஒவ்வொரு தசையாகக் கணக்கு முடித்து மேலேறி
நாக்கையும் வாங்கிக்கொண்டது.
கண்களை விட்டுவைத்தது.

எழுத்துகள் ஒட்டிய கண்ணாடிப் பலகையை
நான் தூக்கிப் பிடிக்க வேண்டும்.
அவன் பார்க்கும் எழுத்தை நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.
சில சொற்களுக்கு
ஒரு காப்பி ஆறும் நேரம்.

"த" என்றான் ஒருநாள்.
எனக்கு இன்னும் நான்கு வீடு பாக்கி.
"தண்ணீரா?" என்றேன்.
கண்களை மூடிக்கொண்டான்.
நான் கிளம்பும்வரை திறக்கவில்லை.
கையசைக்க முடியாத மனிதன்
என் முகத்தில் கதவைச் சாத்தினான்.

மறுநாள் வாயை மூடிக்கொண்டு பலகையைத் தூக்கினேன்.
த. னி. யா. க.
பிறகு, வெகுநேரம் கழித்து:
விடு. பெட்பான். வைக்கும்போது.

பதினெட்டு வருடத் தாதி நான்.
இழுக்காமல் விட்ட திரைச்சீலைகளை
வீடு வீடாக எண்ணிக்கொண்டே
சைக்கிளில் போனேன்.

சாவைக் கேட்டதும் எழுத்தெழுத்தாகத்தான்.
மூன்று நாள் ஆயிற்று அந்த மனுவுக்கு.
விதிப்படி லேவார்டனிலிருந்து இரண்டாவது டாக்டர் வந்தார்,
போகும்போது வாழ்க்கை, பாலம், அக்கரை என்று
அழகாக ஏதோ சொன்னார்.
வீப்ரன் பலகை கேட்டான்:
பாலத்துக்கு. கிரீஸ். போடணும்.

அண்ணன் கோசெ ஞாயிறுதோறும்
தேவாலயத்திலிருந்து நேரே வருவான்.
"கொடுத்தவர் எடுக்கட்டும்" என்றான் ஒரே ஒருமுறை.
அப்புறம் கோபத்தோடு உட்கார்ந்து
தம்பியின் நகங்களை வெட்டினான்.
சதையில் படாத கோபம்.

மார்ச் ஒன்பது என்று குறித்தார்கள்.
எட்டாம் தேதி தள்ளிவைத்தான்:
பக்கத்து வீட்டுச் செம்மறி. குட்டி. போடட்டும்.
போட்டது, மூன்று.
ஒன்றைக் கொண்டுவந்து அவன் மார்பில் கிடத்தினார்கள்.
அது மூத்திரம் பெய்தது.
போர்வையை மாற்றாதே என்று
கண்ணாலேயே தடுத்தான்,
ஈரத்தோடு ஒரு மணி நேரம்.

இன்று வியாழன்.
டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு
அவன் கண் உயரத்துக்குக் குனிந்தார்.
"எந்த நொடியிலும் மனசு மாறலாம், வீப்ரன்.
இன்று என்ன சொல்கிறீர்கள்?"

பலகைக்கு எழுந்தேன்.
கோசெ கை நீட்டினான்.
கொடுத்தேன்.
பழக்கமில்லாமல் தலைகீழாகப் பிடித்தான்;
சிட்ஸ்கெ திருப்பி வைத்தாள்.

வீப்ரன் பார்த்தான்.
அண்ணன் வாய்விட்டுச் சொன்னான்:
"வே."

கோசெயின் தொண்டையில் ஒரு சொல் காத்திருந்தது.
டாக்டரின் பையில் வேறொன்று.
என்னிடமும் ஒன்று இருந்திருக்கும்,
நான் அதைத் திறந்து பார்க்கவில்லை.

"ண்."

அடுத்த எழுத்துக்கு
கண்கள் மெதுவாக நகர்ந்தன.
அறையில் யாரும்
அவன் சொல்லை முடிக்கவில்லை.